மூலையில் மாட்டிக்கொண்ட கடிதங்கள்

அவள் ஐந்தாம் வகுப்புதான். ஆளின் உயரத்தைப் பார்த்து வகுப்பே சேர்ந்து வைத்த பெயர் பட்டாணி. அவளுடைய உயிர்த்தோழிக்குப் பெயர் சுண்டெலி. சுண்டெலி போன மாதம் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

அவளுக்காக வகுப்பில் இருபத்து மூன்று பேரும் ஆளுக்கொரு கடிதம் எழுதினார்கள். "எல்லாத்தையும் ஒரே வெப்சைட்ல போட்டுத் தர்றேன்" என்று மார்தட்டியவள் பட்டாணி.

பட்டாணியின் சித்தி வீட்டிலிருந்தபடியே கடைகளுக்கு இணையதளம் செய்து தருபவர். அவருடைய கம்ப்யூட்டரில் தீம்கள் வரிசைகட்டி நின்றன. தீம் என்றால் பக்கத்துக்குப் போடும் சட்டை. எழுதியது அப்படியே இருக்கும், சட்டை மட்டும் மாறும். பட்டாணி மூன்று நாள் சட்டை மாற்றிக்கொண்டே இருந்தாள்.

"வெள்ளையா, எளிமையா இருக்கே, இது போதாதா?" என்று சித்தி ஒன்றைக் காட்டினார்.

"ஐயே, டாக்டர் எழுதற மருந்துச் சீட்டு மாதிரி இருக்கு சித்தி."

கடைசியில் பூவிதழ்கள் உதிரும் தீம் ஒன்றைப் பிடித்தாள். நடுவில் சுண்டெலியின் படம், இரண்டு பக்கமும் கடிதங்கள். பெரிய திரையில் பார்க்கக் கண்கொள்ளாத அழகு.

"சின்ன போன்ல எப்படித் தெரியுதுன்னு பாத்தியா? திரை சின்னதானா பக்கம் தன்னை மடிச்சுக்கும்."

"அப்புறம் பாக்கறேன் சித்தி."

அந்த அப்புறம் வரவே இல்லை.

சுண்டெலியின் அம்மா போனுக்கு இணைப்பு போனது. 'படம் அழகா இருக்கு. நன்றி' என்று பதில் வந்தது. அவ்வளவுதான். பட்டாணியின் முகம் சுருங்கிவிட்டது. அவள் எழுதிய கடிதத்தில் முக்கியமான சேதி இருந்தது: 'சனிக்கிழமை பள்ளியில் நாடகம். குதிரையின் பின்கால் நான்தான். அம்மாவோடு வா. முன்வரிசையில் இடம் பிடித்து வைக்கிறேன்.'

சனிக்கிழமை முன்வரிசை நாற்காலியில் தன் புத்தகப் பையை வைத்தாள். குதிரைத் தோலில் இருந்த ஓட்டை வழியாகப் பின்கால் எட்டி எட்டிப் பார்த்தது. நாடகம் முடியும்வரை அந்த நாற்காலியில் பைதான் உட்கார்ந்திருந்தது.

"புது ஊரு, புது ஃபிரெண்ட்ஸ். நம்மள மறந்துட்டா" என்றான் குதிரையின் முன்காலாக இருந்த பையன்.

பட்டாணிக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து சுண்டெலிக்கு அவள் போன் செய்யவே இல்லை.

எட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, சுண்டெலியின் அம்மாவே அழைத்தார்.

"கோவமா கண்ணு? ஏன் பேசறதே இல்ல? படம் மட்டும் போட்டு, யாரும் ஒரு வரிகூட எழுதலையேன்னு இவ தினமும் அந்தப் பக்கத்தத் தொறந்து தொறந்து பாக்கறா."

பட்டாணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. சித்தியின் போனில் பக்கத்தைத் திறந்தாள். பூவிதழ்கள் உதிர்ந்தன. சுண்டெலி சிரித்தாள். கடிதங்களைக் காணோம். வலது கீழ் மூலையில் மட்டும் ஒரு குட்டி வட்டம் இருந்தது. அதைத் தொட்டதும் இருபத்து மூன்று கடிதங்களும் வந்து நின்றன.

சுண்டெலி ஏன் இதைத் தொடவில்லை?

அப்போதுதான் பட்டாணிக்குச் சுருக்கென்றது. சுண்டெலியின் அம்மா போன் கீழே விழுந்து விரிசல் விட்டது. அதே வலது கீழ் மூலையில் எவ்வளவு அழுத்தினாலும் வேலை செய்யாது. இது பட்டாணிக்குத் தெரியாததா? அந்த மூலையால் எத்தனை விளையாட்டில் தோற்று, இருவரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். எல்லாம் தெரிந்தவளே மறந்துவிட்டாள். மறந்ததோடு நிற்காமல் எட்டு நாள் கோபமும் பட்டிருக்கிறாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, சித்தியின் போனில் அதே மூலையில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டினாள்.

"என் போனுக்கு என்னடி ஆச்சு?"

"அடிபட்டிருக்கு சித்தி. கொஞ்ச நேரத்துக்குத்தான்."

ஒவ்வொரு தீமாக அந்தப் போனில் போட்டுப் பார்த்தாள். காகிதத்துக்கு அடியில் பொத்தான் ஒளிந்துகொண்ட தீமெல்லாம் கழிந்தது. எழுத்து எறும்பு மாதிரி ஆனதும் கழிந்தது. மிஞ்சியது அந்த வெள்ளைத் தீம். ஒன்றன்கீழ் ஒன்றாகக் கடிதங்கள், விரலால் மேலே தள்ளினால் போதும். பூ இல்லை, ஒன்றும் இல்லை.

"மருந்துச் சீட்டேவா?" என்றார் சித்தி.

பட்டாணி அதையே பக்கத்துக்கு மாட்டிவிட்டுச் சுண்டெலியை அழைத்தாள்.

"எல்லாரும் எழுதியிருந்தாங்க. உங்க போனை நினைச்சுப் பாக்காம நான்தான் தப்புப் பண்ணிட்டேன். உன்மேல கோவமும் பட்டேன். இப்போ தொறந்து பாரு."

சுண்டெலி ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள். நடுவே சிரித்தாள். கடைசிக் கடிதம் பட்டாணியுடையது.

"சனிக்கிழமைன்னா நேத்தா?"

"இல்ல. அதுக்கு முந்தின சனிக்கிழமை."

"அன்னிக்கு நாங்க வீட்ல சும்மாதான் இருந்தோம். அம்மாவுக்கும் லீவு."

முன்வரிசையில் பையை வைத்து இடம் பிடித்திருந்ததைப் பட்டாணி சொன்னாள்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லணும்ல" என்றாள் சுண்டெலி மெதுவாக. "வர்றேன். எனக்கு இடம் பிடிச்சு வை."

மறுநாள் பள்ளிக்குப் போனதும் பட்டாணி நேராக முன்காலிடம் போனாள்.

"குதிரைத் தோல் இன்னும் உங்க வீட்லதானே இருக்கு?"

"இருக்கு. எதுக்கு?"

"ஒருத்தி இன்னும் நாடகம் பாக்கல."