லோகேஸ்வரிக்கு அருள் வந்த பகல்

சமையலறைத் தரையில் ஈரக் காலடிகள் கிடந்தன. அத்தனையும் இடது கால். குளியலறை வாசலில் தொடங்கி, அடுப்பைச் சுற்றி, சாமி படத்துக்கு முன்னால் கொஞ்சம் நின்று, கடைசியில் லோகேஸ்வரி நின்றிருந்த இடத்திலேயே வந்து முடிந்தன. விளக்கைப் போட்ட பிறகுதான் அது ரத்தம் என்று தெரிந்தது. காலைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்காலில் கண்ணாடிச் சில் ஒன்று ஆழமாக ஏறியிருந்தது.

வலிக்கவேயில்லை. அதுதான் அவளை நடுங்க வைத்தது. சில்லைப் பிடுங்கும்போதும் யாரோ ஒருத்தியின் காலைப் பிடித்திருப்பது போலத்தான் இருந்தது.

"லோகேஸ், ரெடியா? அக்கா கோல் பண்ணிட்டாங்க," என்று வாசலிலிருந்து கோகிலன் குரல் கொடுத்தான்.

"இதோ வந்துட்டேங்க."

காலில் துணியைச் சுற்றிக் கட்டினாள். தரையைத் துடைத்தாள். புருஷனிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் போக வேண்டாம் என்பான். இன்றைக்குத் தைப்பூசம், தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாக அவள் நேர்ந்துகொண்டதே இந்த உடம்புக்காகத்தான்.

நோயின் பெயர் போன வருஷம்தான் தெரிந்தது. மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ். உடம்பைக் காக்க வேண்டிய காவல்படையே நரம்பின் மேலுறையைக் கடித்துத் தின்கிறதாம். டாக்டர் நோர்மா ஸ்கேன் படத்தைக் காட்டினார். மூளையில் அங்கங்கே வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். மூளை அதற்காகச் சும்மா இருந்துவிடாது என்றார் டாக்டர். தைப்பூசத்துக்குச் சாலையை அடைத்தால் கார்க்காரர்கள் சந்து பொந்தெல்லாம் புகுந்து வீடு போய்ச் சேருவதில்லையா, அதைப்போல மூளையும் கெட்ட இடத்தைச் சுற்றிப் புதுவழி போட்டுக்கொள்ளுமாம். ஆனால் சந்தும் எவ்வளவுதான் தாங்கும்? அவள் மூளை வயதுக்கு மீறிச் சுருங்கியிருந்தது. மிச்சமிருக்கும் வழிகளோ கொஞ்சம்தான். உடம்பு சூடேறினால் அவையும் அடைத்துக்கொள்ளும். "அப்படி ஆனால் உடனே நிழலுக்குப் போய் உடம்பைக் குளிர வை. பேச முடிகிறபோதே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடு," என்று டாக்டர் இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

வீட்டில் கோகிலனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அவனுடைய அக்கா தனலெட்சுமியிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. அவரைப் பொறுத்தவரை இவளுக்குக் கால் வலி, அவ்வளவுதான்.

கோகிலனுக்கும் தெரியாத ஒன்று இருந்தது. மூளை புதுவழி போட்டுக்கொள்ளும் என்றாரே டாக்டர், போடுவது யார்? லோகேஸ்வரி போடவில்லை. அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. அவள் தலைக்குள் யாரோ ஓயாமல் தோண்டிக்கொண்டிருந்தார்கள், அவள் வீட்டில் அவளுக்குத் தெரியாமல் அறை கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆளின் முகத்தை அவள் பார்த்ததில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது.

வெயில் ஏறுவதற்குள் மலை ஏறி இறங்கிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தார்கள். உறுமிக் குழு வந்து சேரும்போதே வெயில் சுள்ளென்று அடித்தது.

"ஏன் மொகம் வாடிக் கெடக்கு? வெறும் வயித்துல இருந்தா அப்படித்தான்லா," என்று தனலெட்சுமி அவள் தலையில் குடத்தை ஏற்றினார். "முருகான்னு நட. எல்லாம் சரியாப் போயிரும்."

கோகிலன் காதருகே குனிந்தான். "முடியலன்னா ஒடனே சொல்லு. காடிய பக்கத்து சந்துலதான் பார்க் பண்ணிருக்கேன்."

"சொல்றேங்க."

சொல்லிவிடலாம் என்றுதான் அவளும் நம்பினாள்.

உடைத்த தேங்காய்களின் தண்ணீர் தார்ச்சாலையில் காய்ந்து புளித்த வாடையும், கற்பூரப் புகையும், ஆயிரம் பேருடைய வேர்வையும் மஞ்சளும் ஒன்றாகக் கலந்து மூக்கை அடைக்க, இருபக்கத் தண்ணீர்ப் பந்தல்களின் ஒலிபெருக்கிகள் ஆளுக்கொரு பாட்டை அலற, நடுவே உறுமி மட்டும் அடிவயிற்றிலிருந்து முனகுவது போல உர்ர்ரென்று இழுத்துக்கொண்டே போக, லோகேஸ்வரி ஒரு கையால் குடத்தைப் பிடித்தபடி நடந்தாள். பித்தளை சுட்டது. தலைக்குள் சூடு சொட்டுச் சொட்டாக இறங்குவது தெரிந்தது.

முதலில் சிவப்பு போயிற்று. முன்னால் போன பெண்ணின் செவ்வரளி மாலையும் செம்பருத்தியும் வலக் கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிந்தன. காலைப் பார்க்கக் குனிந்தாள். கழுத்திலிருந்து இடுப்புவரை சுரீரென்று மின்சாரம் ஓடியது. நிமிர்ந்தபோது விலாவைச் சுற்றி ஏதோ இறுகியது. பின்னாலிருந்து யாரோ இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்தார்கள். திரும்பிப் பார்த்தாள்.

யாரும் இல்லை. பிடி மட்டும் தளரவில்லை.

சொல்லிவிட வேண்டும். இப்போதே சொல்லிவிட வேண்டும். கோகிலன் இரண்டடி முன்னால் போய்க்கொண்டிருந்தான். 'என்னாங்க' என்று கூப்பிட வாயைத் திறந்தாள். அந்த வார்த்தை உள்ளே முழுசாக, தெளிவாக இருந்தது. நாக்கு அசையவில்லை. தொண்டையிலிருந்து கனத்த, நீளமான ஒரு சத்தம் வந்தது. ஆண் குரல் மாதிரி.

இடது கால் தரையைத் தட்டியது. அவள் தட்டவில்லை. நிறுத்தப் பார்த்தாள். குதிகால் தானாக எழும்பி விழுந்தது. டக். டக். டக். டக். உறுமிக்காரர் திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அந்தக் காலுக்கு ஏற்ப அடியை மாற்றினார்.

"வந்துருச்சு!" தனலெட்சுமியின் குரல் வீறிட்டது. "லோகேசுக்கு அருள் வந்துருச்சு! கொடத்தப் புடிங்க!"

குடத்தை யாரோ வாங்கினார்கள். கூட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டது. கொஞ்சநஞ்சம் வந்த காற்றும் நின்றது. சாம்பிராணிச் சட்டியை முகத்துக்கு நேரே கொண்டுவந்தார்கள். இன்னும் சூடு. ஐயோ, இன்னும் சூடு. வேல் வேல் என்ற கூச்சல் நாலு பக்கமும் எழுந்தது. கைகள் கோணிக்கொண்டன. கோணிய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள் ஒரு கிழவி.

தனலெட்சுமி சுடு தாரில் மண்டியிட்டார். "யாரு வந்துருக்கீங்க? சொல்லுங்க தாயே, யாரு வந்துருக்கீங்க?"

லோகேஸ்வரிக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

கோகிலன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். அவனுக்குத் தெரியும். இந்தக் கூட்டத்தில் அவன் ஒருவனுக்குத் தெரியும். பார்வை மங்காத இடக் கண்ணால் அவனையே பார்த்தாள். தூக்கிக்கொண்டு போங்க. நிழல். தண்ணி. காடி. அவன் முகம் பதறியது. கை நீண்டது.

"அக்கா, அவளுக்கு ஒடம்பு..."

"ஒடம்புக்குத்தான்டா வந்துருக்கா! குறுக்க நிக்காத. அவ நடந்த நடையா இது? பாருடா அந்தக் கால!"

அவன் பார்த்தான். ஒரு வருஷமாக இழுத்து இழுத்து நடந்த அந்தக் கால் உறுமிக்கு அடி தவறாமல் ஆடிக்கொண்டிருந்தது. நீண்ட கை மெல்ல மடங்கி மற்றக் கையோடு சேர்ந்தது. கும்பிட்டான். அவன் கண்ணில் வழிந்தது சந்தோஷம்தான். அதைப் பார்த்தபோது அவளுக்கு உள்ளே எல்லாம் விட்டுப்போயிற்று.

"டாக்டருங்க கைய விரிச்சிட்டாங்க தாயே. நீதான் இவள விடாமப் புடிச்சுக்கணும்," என்று வேண்டினான்.

விலாவைச் சுற்றிய பிடி இன்னும் இறுகியது.

சுப்பையா அண்ணன் வந்தார். வருஷா வருஷம் இந்தக் குழுவுக்கு அலகு குத்துகிறவர். பொறுமையானவர், கேட்காமல் யார் மேலும் கை வைக்க மாட்டார். அவர் கையிலிருந்த தட்டில் திருநீறும் விரல் நீளத்தில் ஒரு வெள்ளி வேலும் இருந்தன.

"வாய கட்டணுமா தாயே? அலகு கேக்குறீங்களா?"

வேண்டாம் என்று தலையசைக்க முயன்றாள். கழுத்து துவண்டது. தலை மார்பில் விழுந்தது. எழுந்தது. மறுபடி விழுந்தது.

"தலையாட்டிட்டாங்க!"

சுப்பையா அண்ணன் கோகிலனைப் பார்த்தார். கோகிலன் கூப்பிய கையை இறக்காமலே சொன்னான்.

"போடுங்கண்ணே."

வேண்டாம். மிச்சமிருந்த வழி எல்லாவற்றிலும் அந்த ஒரு வார்த்தையை அனுப்பினாள். ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டது. வேண்டாம். பல்லைக் கடித்துக்கொள். கடி. கடி.

தாடை திறந்தது.

உறுமி நின்றது. வேலின் நுனியில் திருநீற்றைத் தடவிக்கொண்டு சுப்பையா அண்ணன் அன்பாகச் சொன்னார்.

"பயப்படாதீங்க தாயே. நாக்க நீட்டுங்க."

ஒரு வார்த்தைக்கு அசையாத நாக்கு மெதுவாக வெளியே வந்தது. முழு நீளத்துக்கும் நீண்டு, அவர் விரல்களுக்கு நேராக, துளியும் நடுங்காமல் நின்றது.