ஈரம் காயாத வீடு

பேருந்தின் கடைசி இருக்கைக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி கிடந்தது. உள்ளே மூன்று வாத்துக்குஞ்சுகள். பெட்டியைத் தேடி யாரும் வரவில்லை. பேருந்து ஓட்டும் அப்பா அதை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

"நான் வளர்க்கறேன்ப்பா! எல்லா வேலையும் நானே பார்த்துக்கறேன்!" என்று குதித்தாள் மகள்.

அன்றிலிருந்து அப்பா அவளை 'வாத்தம்மா' என்றே கூப்பிட்டார்.

ஒரு வாரத்தில் வாத்தம்மாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. குஞ்சுகள் ஒரு வாய் தீனி தின்னும். உடனே ஓடிப்போய்த் தண்ணீரில் அலகை முக்கும். தலையை உதறும். மறுபடியும் தீனி, மறுபடியும் தண்ணீர். கீழே விரித்த செய்தித்தாள் கூழாகிவிடும். அதிலேயே எச்சமிட்டு, அதையே மிதித்து, வீடு முழுக்க முத்திரை குத்திவிட்டு வரும்.

தாளை மாற்றிவிட்டுப் பல் விளக்கி வருவதற்குள் மறுபடியும் சேறு. துடைத்துத் துடைத்து அவள் விரல்கள் ஊறிச் சுருங்கிவிட்டன.

வகுப்பில் பக்கத்து இருக்கைத் தோழி மூக்கைப் பொத்திக்கொண்டாள். "உன் மேல என்னமோ வாடை அடிக்குதுடி" என்று தள்ளி உட்கார்ந்தாள்.

மறுநாள் வேலைக்குக் கிளம்பிய அப்பா, ஈரத்தில் வழுக்கித் தடாலென்று விழுந்தார். "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை" என்று நொண்டிக்கொண்டே போனார். அவளுக்குத்தான் வலித்தது.

சனிக்கிழமை எல்லாவற்றுக்கும் மேல்.

அம்மா வீட்டிலேயே துணி தைப்பவர். அன்று மாலை மேடையில் பாடப்போகும் ஒரு பெண்ணுக்காக வெள்ளை கவுன் தைத்து, நாற்காலியில் போட்டிருந்தார். அதன் ஓரம் தரையில் தொங்கியது. வாத்தம்மா கதவைச் சாத்த மறந்திருந்தாள். மூன்று குஞ்சுகளும் வரிசையாக அதன் மேல் நடந்து போயின.

அம்மா திட்டவில்லை. கவுனை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அடிப்பக்கத்தை முழுசா பிரிச்சு மாத்தணும்" என்றார் மெதுவாக. "இனிமே இதுங்க இங்க வேணாம்டி. என்னால முடியலை."

வாத்தம்மா குஞ்சுகளை அள்ளிக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். சுத்தமாக இருந்தால் அம்மா மனம் மாறுவார் என்று, வாளித் தண்ணீரில் முக்கி முக்கிக் கழுவினாள். இரண்டு குஞ்சுகள் உதறிக்கொண்டு எழுந்தன. சின்னது எழவில்லை. கழுத்து தொங்கியது. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

"அம்மா! ஓடி வாம்மா! செத்துடும்போல இருக்கும்மா!"

அம்மா கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். ஒரு துணியால் குஞ்சை ஒற்றினார். "விறைச்சுப் போயிருக்கு. உன் சட்டைக்குள்ள வெச்சுக்கோ. உடம்புச் சூடு படட்டும்."

"வாத்துக்குப் போய்த் தண்ணி ஆகாதாம்மா?"

"எனக்கென்னடி தெரியும்? நான் துணி தைக்கறவ" என்று சொல்லிவிட்டு அம்மா திரும்ப இயந்திரத்துக்கு ஓடினார்.

வாத்தம்மா குஞ்சுகளின் தீனி இருக்கும் இடத்துக்கு வந்து, சுவரில் சாய்ந்து அழுதாள். அப்பா விழுந்தார். அம்மாவின் வேலை கெட்டது. இப்போது இதுவும். 'நான் தொட்டது எதுவும் உருப்படாது' என்று நினைத்துக்கொண்டாள். சட்டைக்குள் குஞ்சு அசையவே இல்லை. மற்ற இரண்டும் எதிரே தின்றன, முக்கின, உதறின. அழுதுகொண்டே அவற்றையே பார்த்தாள்.

தண்ணீர் இல்லாமல் அவற்றுக்குத் தீனி விழுங்க முடியவில்லை. பாவம், அவை வேண்டுமென்றா சிந்துகின்றன? சிந்துவது சிந்தத்தான் செய்யும். அது தரையில் விழாமல் வேறு எங்காவது விழுந்தால்?

அப்போது வயிற்றில் ஏதோ கொத்தியது. "கீச்!"

வாத்தம்மா அழுவதை மறந்து சிரித்துவிட்டாள். குஞ்சை ஒரு கையால் அணைத்தபடியே சமையலறைக்குப் போனாள். பாத்திரம் வடியவைக்கும் ஓட்டைத் தட்டைக் கொண்டுவந்து, ஓர் அகலமான தொட்டியின் மேல் பொருத்தினாள். அதன் மேல் தண்ணீர்க் கிண்ணம். ஏறிப்போக ஒரு செங்கல்.

குஞ்சுகள் ஏறின. முக்கின. உதறின. தண்ணீரெல்லாம் ஓட்டை வழியாகத் தொட்டிக்குள் சொட்டியது.

மாலையில் கவுனைக் கொடுத்து அனுப்பிவிட்டு அம்மா வந்தார். குனிந்து, செய்தித்தாளை விரலால் அழுத்திப் பார்த்தார். காய்ந்திருந்தது. இன்னோர் இடத்தில் அழுத்தினார். அங்கேயும் ஈரமில்லை. அப்புறம் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். தட்டுகளெல்லாம் அடுப்பு மேல் குவிந்து கிடந்தன.

இடுப்பில் கை வைத்துக்கொண்டு அம்மா கேட்டார்: "ஏன்டி, இனிமே நம்ம தட்டையெல்லாம் எதுல கவுக்கறதாம்?"