கத்தாத பெல்ட்

"யாரு இந்த பெல்ட்டைத் தொட்டது?"

உள்ளறையிலிருந்து வந்து நின்றவளைப் பார்த்ததும், மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்பானர் கனத்தது. என்ன கண்கள் அவை... வெளியே மழை சாய்ந்தடிக்க, இங்கே இடி மட்டும் தனியாக இறங்கினாற்போல.

எதிர்க்கடைக்குப் புது மெஷின் பொருத்த வந்தவன் அவன். அந்தத் தெருவின் நாலு ஐஸ்கிரீம் கடைகளில் மூன்று அந்த மெஷினுக்கு மாறிவிட்டன; பிடியை இழுத்தால் ஐஸ்கிரீம் சுருள் சுருளாக இறங்கும். இவள் கடையில்தான் இன்னும் பாலைக் காய்ச்சி, டிரம்மில் ஊற்றிக் கடைகிறார்கள். மழைக்கு ஒதுங்கியவன், உள்ளே பெல்ட் கீச்சிடுவதைக் கேட்டான். டிரம்மைக் காலி செய்துவிட்டு அவள் முன்பக்கம் போன சமயம், புகுந்து பெல்ட்டை இறுக்கிவிட்டான். சும்மா இருக்காத கை.

"நான்தாங்க. சத்தம் காதைக் கிழிச்சுது. காசெல்லாம் வேண்டாம்."

"காசா... அது கத்தினாத்தான் ஐஸ்கிரீம் இறுகிடுச்சுன்னு எனக்குத் தெரியும். அடுத்த பாலை ஊத்திட்டு, கத்தும், கத்தும்னு நின்னேன். உள்ளே வெண்ணெய் திரண்டு கிடக்கு."

நாலு மணிக்கு ஆஸ்பத்திரி கேன்டீன் மேலாளர் ருசி பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்தால் தினமும் ஆர்டர். பிடிக்காவிட்டால் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அவள் அப்பா, கடையை எதிர்க்கடையை நடத்தும் கம்பெனிக்கே கொடுத்துவிடுவார். பால் இன்னும் ஒரு டிரம்முக்குத்தான் இருந்தது.

"பழையபடி தளர்த்திக் கொடுத்துடறேன்..."

"நீங்க தொட்டது போதும். எங்க கடையை நாங்க பார்த்துக்குவோம்."

அவன் வாசலுக்குப் போய்விட்டான். அவளே நட்டைத் திருகிப் பார்த்தாள். அசையவில்லை. கை சிவந்ததுதான் மிச்சம். எட்டிப் பார்த்தாள். கூரை ஓரத்தில் பாதி நனைந்து நின்றான். போகவில்லையே, பாவி... ஏன் மனசு இப்படி நிம்மதியாகிறது?

"உள்ளே வாங்க. நானே உதவி கேட்டுட்டேன், போதுமா?"

வந்தவன் பெல்ட்டைத் தடவிப் பார்த்தான். "தேஞ்சிருக்கு. மறுபடி தளர்த்தினா வழுக்கி வழுக்கி அறுந்துடும். மோட்டார் மேல கையை வைங்க. ஐஸ்கிரீம் இறுக இறுக அதிர்வு கனக்கும்."

வெண்ணெயை வழித்தெடுத்துவிட்டு, கடைசிப் பாலை ஊற்றினாள். அவள் கை, பக்கத்தில் அவன் கை, நடுவே ஒரு விரல் இடைவெளி. அதிர்வு கனத்தது... மோட்டாரா, நெஞ்சா?

"இப்ப நிறுத்துங்க," என்றான்.

"பொறுங்க. மெஷின் உங்களுக்குத் தெரியும். ஐஸ்கிரீம் எனக்குத் தெரியும்." மூச்சடக்கி நின்றாள். பிறகு அவளே நிறுத்தினாள்.

வந்த மேலாளர் ஒரு கிண்ணம் சாப்பிட்டார்; இன்னொன்று கேட்டார். "நாளையிலிருந்தே அனுப்புங்க," என்றார். அப்பா போனை எடுத்து, கம்பெனிக்காரரிடம், "கடை கொடுக்கறதா இல்லீங்க," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

மழை விட்டிருந்தது. மெக்கானிக் பையை மூடினான், திறந்தான், மறுபடி மூடினான்.

"எதிர்க்கடை வேலை நாளையோட முடியுது. அப்புறம் இந்தப் பக்கம் வர எனக்கு ஒரு சாக்கும் இல்ல."

"சாக்கு எதுக்கு? எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அது போதாதா?"

சொன்ன பிறகுதான் அவளுக்கு முகம் சூடானது. ஆனாலும் பார்வையை இறக்கவில்லை.

"நான் சொல்ல இருந்ததை நீங்களே..." அவன் திணறினான். "எனக்கும்தாங்க. நீங்க வந்து அதட்டின நிமிஷத்திலிருந்து."

"சரி. அப்பா அங்கேதான் இருக்கார்."

அவன் ஈரச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கல்லாவை நோக்கி நடந்தான்.