மூன்றாவது கைக்கு இன்னொரு உறை

"தொட்டுட்டீங்க!"

ஆபரேஷன் தியேட்டரே ஒரு நொடி ஸ்தம்பித்தது. ஆபரேஷனுக்கு உதவுகிற ரோபோவின் மூன்றாவது கைக்கு அப்போதுதான் உறை மாட்டி முடித்திருந்தாள் நர்ஸ். கிருமி நீக்கிய, நீளமான பிளாஸ்டிக் உறை. மேஜைப் பக்கம் திரும்பிய மறுநொடி முதுகுக்குப் பின்னால் சரசரவென்று சத்தம். பார்த்தால், ரோபோ கம்பெனியிலிருந்து அன்றைக்குத்தான் மாற்று ஆளாக வந்திருந்த இன்ஜினியர் கையை நீட்டியபடி நிற்கிறான்!

"ஐயோ, நான் தொடலைங்க..."

"அப்புறம் கை எதுக்கு நீளுது? காத்து வாங்கவா?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவளைப் பார்த்தான். அப்படியே விழுங்கிவிட்டான். மாஸ்க்குக்கு மேலே தெரிந்ததெல்லாம் அவன் கண்கள் மட்டும்தான்... திருதிருவென்று முழிக்கிற பெரிய கண்கள். தப்பு செய்கிறவனுக்கு இவ்வளவு அழகான இமை எதற்கு என்று தோன்றியது அவளுக்கு. சீ, நினைப்பைப் பாரு!

பெரிய டாக்டர் விடுவாரா? "நோயாளி வெளியே காத்துக்கிட்டு இருக்கார், இங்க விளையாட்டா? உன் கம்பெனிக்கு நானே பேசறேன். இனிமே எந்தத் தியேட்டர்லயும் நீ காலை வைக்கக் கூடாது!" என்று வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். உறையைப் பிரித்துப் புதிதாக மாட்டினார்கள். அவன் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். அவளுக்கு ஏனோ மனசே சரியில்லை.

மறுநாள் காலை... ஜன்னலுக்கு வெளியே மழை. உள்ளே அதே ரோபோ, அதே மூன்றாவது கை. உறையை மாட்டிவிட்டு மேஜைப் பக்கம் திரும்பினாள்.

சரசர...

அவளுக்குத் திக்கென்றது. பின்னால் ஒரு ஈ காக்கை இல்லை! உறையில் உரசியது அவள் முதுகுதான். ஆபரேஷன் கவுனின் முன்பக்கம்தான் சுத்தம், முதுகு சுத்தமில்லை. இந்த வேலையில் சேர்ந்தவர்களுக்கு முதல் நாளே சொல்லித் தருகிற பாடம் அது. அப்படியானால் நேற்று... அவன் கையை நீட்டியது அவளைத் தடுக்கவா?

யாரும் பார்க்கவில்லை. பேசாமல் உறையை மாற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டால், ஆறு வருஷமாகச் சம்பாதித்த நல்ல பேர் பத்திரம். ஆனால் அவன் பிழைப்பு? உறையை மாற்றினாள். டாக்டர் உள்ளே வந்ததும் நேராகப் போய் நின்றாள்.

"டாக்டர், நேத்து உறையில பட்டது என் முதுகு. அந்த இன்ஜினியர் தொடவே இல்ல. இன்னைக்கும் அதே தப்பு பண்ணேன், மாத்திட்டேன்."

டாக்டர் அவளையே பார்த்தார். திட்டு விழப் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"யாரும் பாக்காதப்பவும் சொல்றே பாரு, அதனாலதாம்மா உன்னை நம்பி நான் உள்ளே வர்றேன். அவன் கம்பெனிக்கு நான் பேசிடறேன். ஆனா மதியம் ஊருக்குக் கிளம்பறானாம். மன்னிப்பை நீதான் கேக்கணும்."

ஆபரேஷன் முடிந்ததும் மாஸ்க்கைக் கழற்றி எறிந்துவிட்டுப் படிக்கட்டில் ஓடினாள். வாசலில், கொட்டுகிற மழையைப் பார்த்தபடி கருவிப் பெட்டியோடு நின்றிருந்தான் அவன். மீசை ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் தூக்கலாக... ஓ, முகம் இப்படித்தானா?

"ஏங்க... நேத்து தப்பு என்னோடது. டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. மன்னிச்சிடுங்க."

"உங்க முதுகுன்னு எனக்கு அப்பவே தெரியுங்க."

"தெரியுமா! அப்ப வாய் எங்க போச்சு?"

"உறையை எப்படியும் மாத்தத்தான் போறாங்க. சொன்னா அந்தத் திட்டு உங்களுக்கு விழும். அதான்..."

"எனக்காகத் திட்டு வாங்க நீங்க யாரு?" கோபமாகக் கேட்கத்தான் நினைத்தாள். குரல் தழுதழுத்துவிட்டது. "சிஸ்டர்தான் பண்ணாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"அந்த வார்த்தைதாங்க வாயில வரலை."

"எது, பண்ணாங்கன்னா?"

"இல்லைங்க... சிஸ்டர்னு."

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கன்னமும் சூடானது. அதற்குள் வண்டி வந்து நின்றது. அவன் குனிந்து பெட்டியைத் தூக்கினான். இப்போது வாயைத் திறக்காவிட்டால் அவன் போயே போய்விடுவான்... தியேட்டரே அதிரக் கத்துகிறவள் மெதுவாகச் சொன்னாள்.

"போகாதீங்க."

"ரோபோ நல்லாத்தாங்க ஓடுது. உங்க பழைய இன்ஜினியர் நாளைக்கு வந்துடுவார்..."

"ரோபோ கிடக்கட்டும். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு!"

அவன் பெட்டியைத் தொப்பென்று கீழே விட்டான். அது அவன் கால்மேலேயே விழுந்தது. வலிகூடத் தெரியவில்லை பாவம்.

"எனக்கும்..." என்றான். "எனக்கும்தாங்க."