கோதைநங்கை போன வழி

ஆவணித் திங்களில், கீழ்வானில் முழுமதி எழுந்தும் மேல்வானில் செவ்வொளி இன்னும் வடியாமலும் இருக்கின்ற அந்தச் சிறு பொழுதில் வெள்ளாற்றைப் பார்க்கக் கொடுத்துவைத்தவர்கள், பிறகு வேறெந்த ஆற்றங்கரையிலும் குடியிருக்கச் சம்மதிக்க மாட்டார்கள். ஒருபுறம் பொன்னும் மறுபுறம் வெள்ளியுமாக ஓடுகின்ற நீர். கரையோரத்து மரங்களில் அடைவதற்கு இடம் போதாமல் பூசலிடும் நாரைகள். மருத மரங்களின் கருநிழலுக்கு மேலே தலைதூக்கி நிற்கும் நெடுமருதூர்க் கோட்டையின் கொத்தளங்கள். அவற்றில் ஒவ்வொன்றாக ஏற்றப்படும் தீப்பந்தங்கள். இவ்வளவையும் வடகரையிலிருந்து கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றான் ஓர் உப்பு வணிகன். ஓடக்காரர் இரண்டு தடவை குரல் கொடுத்த பிறகே தன் பொதிமாடுகளை ஓட்டிக்கொண்டு இறங்கினான்.

உப்பு விற்க வந்தவன் ஆற்றைப் பார்த்துக் கண் கலங்குவானேன் என்று அன்பார்ந்த வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்: அவன் உப்பு வணிகனே அல்லன். அந்தத் தாடியையும், நெற்றியில் வாள் கிழித்த வடுவையும், வெயிலில் கறுத்த மேனியையும் நீக்கிவிட்டுப் பார்த்தால், அவன்தான் நெடுமருதூருக்கு உரிய இளவரசன் விடங்கன்.

எட்டு ஆண்டுகளுக்கு முன், பேரரசரின் ஆணையை ஏற்று வடநாட்டுப் போருக்குப் புறப்பட்ட விடங்கனை இதே துறையில்தான் அவன் மனைவி கோதைநங்கை வழியனுப்பி வைத்தாள். அப்போது அவள் கருவுற்றிருந்தாள். போர்க்களத்தில் வெட்டுண்டு வீழ்ந்தவனைப் பகைவர் சிறை கொண்டு போக, ஊருக்கு அவன் மாண்டான் என்ற செய்தி மட்டும் வந்தது. அவனுடைய சிற்றப்பன் எயினராயர், துக்கம் விசாரிக்க வந்தவர், கோட்டையை விட்டுப் போக மறந்துவிட்டார். கோதைநங்கைக்குக் குழந்தை பிறந்தது. தொட்டில் போடும் நன்னாளில், மாலைக்குள் தாயையும் சேயையும் காணவில்லை. சிறையிலிருந்து தப்பி வரும் வழியில், ஒரு வழிப்போக்கன் வாயிலாக விடங்கன் அறிந்தது இவ்வளவே. பிறந்தது ஆணா, பெண்ணா என்பதுகூட அவனுக்குத் தெரியாது.

ஓடம் நடு ஆற்றுக்கு வந்தபோது, ஓடக்காரர் கூத்தன் கோட்டைப் பக்கத்துப் படித்துறையைக் கழியால் சுட்டிக் காட்டினார்.

"அதோ அந்தப் படியில்தான் அரசியார் கைக்குழந்தையோடு இறங்கினார், ஐயா. ஆறு திருப்பித் தரவில்லை."

விடங்கன் அந்தப் படியைப் பார்த்தபடியே கேட்டான்: "நீர் கண்ணால் பார்த்தீரா?"

"பார்த்தவருடைய மருமகன் நான்" என்றார் கூத்தன், கொஞ்சமும் தயங்காமல். பிறகு, "உமக்கு எந்த ஊர் என்று சொன்னீர்?" என்றார்.

மறுநாள் காலையில் கடைத்தெருவில் உப்பை இறக்கினான் விடங்கன். எத்தனை முறை குதிரை மேல் இந்தத் தெருவில் போயிருப்பான்! அதே வளைந்த புளியமரம். செக்கிலிருந்து வரும் அதே எள்ளின் மணம். நெடுமருதூர்க்காரர்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அவர்களைப் போல் வழக்காடுகிறவர்களை வெள்ளாற்றின் இரு கரையிலும் தேடினாலும் காண முடியாது. சேவற்சண்டையில் எந்தச் சேவல் முதலில் பின்வாங்கியது என்பதற்காகச் சம்பந்திகள் பேச்சை நிறுத்திக்கொண்ட ஊர் அது. சிறு வயதில் விடங்கன் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்திருக்கிறான். சிறையில் கிடந்த நாட்களில் அந்தச் சச்சரவுச் சத்தத்துக்காகவே ஏங்கியிருக்கிறான்.

நெல்லுக்கு உப்பு மாற்ற வந்த பூக்காரி சாத்தியிடம் பேச்சோடு பேச்சாக அரசியைப் பற்றிக் கேட்டான்.

"கொங்குநாட்டு வணிகர் கூட்டத்தோடு போய்விட்டார், ஐயா. தலையில் முக்காடு, இடுப்பில் பிள்ளை. இந்தத் தெரு வழியாகத்தான் போனார்" என்றாள் அவள்.

பக்கத்தில் எண்ணெய்க் குடங்களோடு உட்கார்ந்திருந்த செக்கார் சடையன் இதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார். சாத்தி நகர்ந்ததும், "கோட்டைக்கு அடியில் ஒரு சுரங்கம் உண்டு. பிள்ளையை எடுத்துக்கொண்டு அதில் இறங்கினார். சுரங்கம் இடிந்துவிட்டது" என்றார். இரண்டு கடை தள்ளி இருந்த வெற்றிலை வணிகர், மலையாளத்து மந்திரவாதி ஒருவன் இருவரையும் கிளிகளாக மாற்றிக் கொண்டுபோன விவரத்தை உளம் உருகச் சொன்னார்.

விடங்கனுக்குச் சினம் தலைக்கேறியது. 'என் மனைவியும் மகவும் இவர்களுக்கு வெற்றிலையோடு மெல்லுகிற பொருளாகிவிட்டார்களே!' என்று உள்ளுக்குள் கொதித்தான். இந்த மக்களுக்காகவா அவன் தந்தை ஏரி வெட்டினார், இவர்களுடைய வீட்டு மணங்களிலா அவன் முதல் வரிசையில் அமர்ந்து உண்டான் என்றெல்லாம் எண்ணி வெதும்பினான்.

அன்று மாலை சத்திரத்தில் ஒரு சோதிடன் அவனுக்கு அருகில் இலை போட்டு அமர்ந்தான். திருநீறும் சுவடிக் கட்டுமாகப் பார்ப்பதற்குப் பழுத்த சோதிடன்தான். ஆனால் சோற்றைப் பிசையும்போது தெரிந்த உள்ளங்கையில், கடிவாளம் பிடித்துப் பிடித்துக் காய்த்த தழும்பு இருந்தது. கிரகங்களுக்குக் கடிவாளம் கிடையாது. எயினராயரின் ஒற்றன் இவன் என்று விடங்கன் உடனே அறிந்துகொண்டு, தலையைக் குனிந்து உண்டான்.

"இந்த ஊர் ஓடக்காரன் விவரம் தெரிந்தவன்" என்றான் சோதிடன். "அரசி கலம் ஏறி ஈழத்துக்குப் போனதை நேரில் கண்டானாம். உம்மிடமும் சொன்னானா?"

"எனக்கு எதற்கு ஐயா அந்தக் கதை? நான் உப்பு விற்க வந்தவன்" என்றான் விடங்கன்.

ஆனால் அவன் மனம் கணக்குப் போடத் தொடங்கியது. தன்னிடம் ஆறு கொண்டது என்ற கூத்தன், இவனிடம் ஈழம் என்றிருக்கிறார். காலையில் சாத்தி சொன்ன கொங்குநாட்டை, காதில் வாங்கிய சடையன் மறுக்கவில்லை. சடையனின் சுரங்கத்தை வெற்றிலை வணிகர் மறுக்கவில்லை. ஒரு சேவலுக்காக உறவை முறிக்கிறவர்கள், அரசி போன வழியைப் பற்றி மட்டும் ஒருவரோடொருவர் வழக்காடாமல் இருப்பது எப்படி? இவர்களில் எவருமே தாம் சொல்வதை நம்பவில்லை. அப்படியானால் இது வீண் வம்பு அன்று. கேட்க வருகிற ஒவ்வொருவனையும் ஒவ்வொரு திசைக்கு அனுப்பி வைப்பதற்காக ஊரே கூடிச் சொல்கிற பொய். கோதைநங்கை உயிரோடு இருக்கிறாள். எங்கே என்பது இந்த ஊருக்குத் தெரியும்.

அன்று இரவு அவன் உறங்கவில்லை. காலையில் தான் சபித்த அத்தனை பேரையும் மனத்துக்குள் தொழுதான்.

விடிந்ததும் சடையனிடம் போய், "அந்த இளவரசர் திரும்பி வந்தால் ஊரார் என்ன செய்வீர்கள்?" என்று மெல்லக் கேட்டுப் பார்த்தான்.

"வந்தாரே, போன ஆண்டு" என்றார் சடையன் சாவதானமாக. "நான்தான் விடங்கன் என்று ஓடத்துறையில் விழுந்து அழுதார். முகச்சாயலும் ஏறக்குறைய ஒத்திருந்தது. நாங்களும் கூட அழுதோம், சோறு போட்டோம், அரசியார் காசிக்குப் போனதாகச் சொல்லி அனுப்பி வைத்தோம். மறுநாள் பார்த்தால் கோட்டை வாசலில் எயினராயருக்குப் பக்கத்தில் குதிரை மேல் இருக்கிறார்."

நாம் இங்கே சற்று நின்று விடங்கனின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். மனைவியையும் மகவையும் காத்து நிற்கிற மதில், அவனையும் வெளியே நிறுத்திவிட்டது. நான்தான் விடங்கன் என்று சொன்னால் ஊர் நம்பாது, ஒற்றன் நம்பிவிடுவான். சொல்லாமல் இருந்தாலோ உப்பு தீர்ந்ததும் ஊரை விட்டுப் போக வேண்டியதுதான். நெடுநேரம் யோசித்தவன், இந்த ஊரில் வீட்டுக்கு வீடு தடையின்றிப் போய் வரக்கூடியது ஒன்றே ஒன்றுதான் என்பதைக் கண்டான். அது வதந்தி.

கடைத்தெரு கூடியதும், சோதிடனும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் போதே, விடங்கன் உரக்க ஆரம்பித்தான்.

"வடநாட்டுச் சிறை ஒன்றில் உப்பு இறக்கப் போயிருந்தேன். அங்கே ஒரு கைதி, நெடுமருதூர் இளவரசன் என்று சொல்லிக்கொள்கிறான். மெய்யோ பொய்யோ, எனக்குத் தெரியாது. ஓயாமல் மனைவி பேச்சுத்தான். பெரிய வீரனாம், ஆனால் நீந்தத் தெரியாதாம். மணமான புதிதில் நிலாக்காலத்தில் படித்துறைக்கு அழைத்துப்போய், முடியைப் பிடித்துக்கொண்டு அவள்தான் கற்றுக்கொடுத்தாளாம். ஒரே மாதத்தில் ஆற்றையே கலக்கிவிட்டேன் என்று பெருமை அடித்துக்கொண்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். சோதிடன் சிரிக்கவில்லை. விடங்கன் உயிரோடு வடநாட்டுச் சிறையில் இருக்கிறான் என்பதைத் தவிர அவன் காதில் வேறெதுவும் ஏறவில்லை. உச்சிப்பொழுதுக்குள் சுவடிக் கட்டைச் சத்திரத்திலேயே விட்டுவிட்டு, தோப்பில் கட்டியிருந்த குதிரையில் ஏறிப் பறந்தான். சற்று நேரத்தில் கோட்டையிலிருந்து எயினராயரின் குதிரை வீரர்கள் பெருங்கூட்டமாக வடக்கு நோக்கிப் போனார்கள்.

விடங்கன் அதைப் பொருட்படுத்தவில்லை. வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டே, உப்பைத் தவறாக அளந்துகொண்டிருந்தான். பொழுது சாயும் நேரத்தில், கடைசியாகப் பூக்காரி சாத்தி கூடையோடு வந்தாள்.

"ஐயா, நீர் சொன்ன கதை ஊரெல்லாம் சுற்றி வந்துவிட்டது. ஆனால் அதில் ஒரு பிழை இருக்கிறதாம்."

நெடுமருதூரில் அரசியைப் பற்றிய கதை ஒன்றை ஒருவர் திருத்துவது அதுவே முதல் தடவை. விடங்கனின் கை அளவுமரக்காலிலேயே நின்றது. "யார் சொல்கிறார்கள்?"

"ஊர் சொல்கிறது. அந்த இளவரசர் நீந்தக் கற்கவே இல்லையாம். கால் இரண்டையும் மணலில் ஊன்றி நடந்துகொண்டே, கைகளால் மட்டும் தண்ணீரை அடிப்பாராம். அரசியாருக்கு முதல் நாளே தெரிந்துவிட்டதாம். சொன்னால் மனம் நோகுமே என்று கைகொட்டிப் பாராட்டினாராம்."

விடங்கனுக்குக் காது நுனி வரை சூடேறியது. சிறையில் கிடந்த நாளெல்லாம், தன் வாழ்வின் மிக இனிய வெற்றியாக அவன் போற்றி வைத்திருந்தது அந்த ஒரு மாதம். அவள் கைகொட்டிய ஓசை, நனைந்த கூந்தல், ஆற்று மணம் எல்லாம் ஒருங்கே வந்து மோதின. எல்லாம் தெரிந்துகொண்டேயா கைகொட்டினாள்? முகத்தை மூடிக்கொண்டான். சிரிப்பு வந்தது, சிரிக்கச் சிரிக்க விரல் இடுக்கில் கண்ணீர் வழிந்து தாடியில் இறங்கியது.

சாத்தி அவனை உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "சினந்தால் உப்பை வாங்கிக்கொண்டு வந்துவிடு, வெட்கப்பட்டால் வீட்டுக்கு அழைத்து வா என்று அரசியார் சொல்லி அனுப்பினார், பிரபு" என்றாள்.

இருள் கவியும் சந்துகளில் அவள் முன்னே நடந்தபடி நடந்ததைச் சொன்னாள். தொட்டில் போடும் நாளில், சீர் சுமந்த பெண்கள் கூட்டம் பாடிக்கொண்டு பேறுகால அறைக்குள் போனது. பிள்ளை பெற்ற தீட்டு அறையிலிருந்து வரும் பெண்களை நிமிர்ந்து பார்க்கலாகாது என்று காவலர்கள் வழக்கப்படி சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்கள். போனவர்களைவிட வந்தவர்கள் ஒருவர் அதிகம். அந்த ஒருவர் காலிக் குடத்தை இடுப்பில் வைத்திருந்தார். குழந்தை சாத்தியின் பூக்கூடையில் உறங்கிக்கொண்டிருந்தது. அன்று முதல் அரசியார் செக்கார் சடையனின் மைத்துனியாக அவர் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறார்.

செக்கு முற்றத்தில் நிலவு விழுந்திருந்தது. "இங்கே இரும்" என்று சொல்லிவிட்டுச் சாத்தி உள்ளே போனாள். முற்றத்தில் ஒரு சிறுமி, செக்கு மாட்டுக்குப் பிண்ணாக்கு வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். புருவங்கள் கோதைநங்கையுடையவை. பிடிவாதமான அந்த முகவாய் எவருடையது என்று விடங்கனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"உன் அன்னை எங்கே, குழந்தாய்?" என்று எப்படியோ கேட்டான்.

சிறுமி அவனைத் தலை முதல் கால் வரை அளந்தாள். "என் அன்னை செக்கார் வீட்டுப் பெண். உள்ளே சமைக்கிறாள். நீர் அரசியாரைத் தேடி வந்தவரா?"

"ஆம்."

"அவரை ஆறு கொண்டுபோய்விட்டது" என்றாள் சிறுமி, பழகிய பாடத்தைச் சொல்வது போல. "கைக்குழந்தையும் கூடவே போய்விட்டது. பாவம், அதற்குப் பெயர்கூட வைக்கவில்லையாம்."

அவள் குரலில் ஒரு சிறு நடுக்கமும் இல்லை. தன் சாவைத் தானே, தன் தந்தையிடம், இவ்வளவு சரளமாகச் சொல்வதற்கு அந்தக் குழந்தை எத்தனை முறை அதைச் சொல்லியிருக்க வேண்டும்! விடங்கனுக்கு அவளை வாரி எடுத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆயினும் அசையவில்லை.

"நன்றாகச் சொன்னாய், அம்மா. எவர் கேட்டாலும் இப்படியே சொல்" என்றான்.

சிறுமி திகைத்தாள். வருகிறவர்கள் மீண்டும் மீண்டும் கேட்பார்களே தவிர, இப்படிச் சொன்னவர் எவருமில்லை. அப்போது வாயிற்படியில் கோதைநங்கை வந்து நின்றாள். கைத்தறிச் சேலையில் எண்ணெய்க் கறை, காதோரத்தில் நரை. அவள் கணவனைப் பார்த்தாள், நெடுநேரம் பார்த்தாள். பேசியதோ மகளிடம்தான்.

"இவரிடம் மெய்யைச் சொல்லலாம், மகளே."

"எந்த மெய், அம்மா?"

"உனக்குத் தெரிந்த மெய்."

சிறுமி தெருப்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு விடங்கனின் தோளில் கை ஊன்றி, அவன் காதருகே குனிந்து, இதுவரை எவரிடமும் சொல்லாததை மெல்லச் சொன்னாள்.

"நான் நெடுமருதூர் இளவரசர் விடங்கருடைய மகள். யாரிடமும் சொல்லிவிடாதீர்."

"சொல்ல மாட்டேன்" என்று அவள் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்து கொடுத்தான் விடங்கன்.