ஒட்டாதவள்

ஈக்கள் தன் மேல் மட்டும் உட்காரவில்லை என்பதைப் பெரியவள் முதலில் கவனித்தது மதியம், கேன்டீனில். மழை விட்டிருந்தது, திறந்த ஜன்னல் வழியாகக் கடல் வாடையும் ஈயும் சேர்ந்தே உள்ளே வந்திருந்தன. மேசையில், டீ கிளாஸ் விளிம்பில், எதிரே உட்கார்ந்திருந்த தங்கையின் முழங்கையில் என்று எங்கும் மொய்த்த ஈக்கள், அவள் கையருகே வந்ததும் கண்ணாடியில் முட்டிக்கொண்டதுபோல் திரும்பிப் போயின. சர்க்கரை ஒட்டிய விரலை நீட்டி வைத்துப் பார்த்தாள். ஒன்றுகூட வரவில்லை.

"உனக்கு மட்டும் எப்படிக்கா ஈத் தொல்லையே இல்ல?" என்றாள் சின்னவள். மூன்று நாளாக அழுததில் அவள் கண் இன்னும் வீங்கியிருந்தது.

பெரியவள் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தக் கடல் ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. கப்பலின் அடிப்பாகத்தில் பார்னக்கிள் என்கிற ஓட்டு உயிரி ஒட்டாமலிருக்க ஒரு பூச்சு கண்டுபிடிக்க வேண்டும். பார்னக்கிள் குஞ்சு கடுகைவிடச் சிறியது. இடம் தேடி நீந்தி வரும், தடவித் தடவி நடந்து பார்க்கும், பிடித்துப்போனால் சிமெண்ட் மாதிரி ஒன்றைக் கக்கி ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். அவள் பூச்சு பூசிக் கடலில் இறக்கிய ஒவ்வொரு தகடும் சொறி பிடித்த நாய் மாதிரிதான் வெளியே வந்தது. அவள் சிபாரிசில் வேலைக்குச் சேர்ந்தவள் தங்கை. இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, அவளுடைய தகடு கழுவிக் கவிழ்த்த தட்டுபோல் வெளியே வந்தது.

எல்லாம் ஒரு கடற்பஞ்சின் புண்ணியம். அதற்கு ஓடு கிடையாது, முள் கிடையாது, நகரவும் தெரியாது. ஆனாலும் அதன் மேல் எதுவும் குடியேறாது. அதன் தோலில் வாழும் பாக்டீரியா எதையோ கசியவிட்டுக்கொண்டே இருக்கும்; வருகிற குஞ்சுக்கெல்லாம் அது 'இங்கே இறங்காதே' என்று சொல்லும். சின்னவள் அதைப் பிரித்தெடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்துவிட்டாள். "இனிமே அக்காவுக்கு நீதாம்மா கத்துக்குடுக்கணும்" என்று டைரக்டர் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். சின்னவள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அடக்கம்தான் பெரியவளுக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

வீட்டிலும் அதே கதை. கணவன் கப்பலில் வேலை பார்ப்பவன், வருஷத்தில் பத்து மாதம் ஊரில் இருக்கமாட்டான். கூடவே தங்கியிருந்த சின்னவள்தான் நாலு வயசுப் பாப்பாவுக்கு எல்லாமே. பல் தேய்க்கச் சித்தி, கதை சொல்லச் சித்தி, தூங்குவதற்குச் சித்தியின் தோள். பெற்றவள் கையை நீட்டினால், "அப்புறம் வர்றேம்மா" என்பாள் பாப்பா, பெரிய மனுஷி மாதிரி.

அதனால்தான், மூன்று நாள் முன்பு, எல்லாரும் கூட்டத்துக்குப் போன நேரத்தில் பெரியவள் சின்னவளின் தட்டு இருந்த வளர்ப்புப் பெட்டியைத் திறந்தாள். தட்டில் படிந்திருந்த மஞ்சள் வழுக்கலைச் சுரண்டித் தன் குப்பியில் போட்டுக்கொண்டாள். மிச்சத்தின் மேல் பிளீச்சிங் கரைசலை ஊற்றினாள். அவசரத்தில் கையுறை போடவில்லை. சுரண்டும்போதே, சில்லு போயிருந்த தட்டின் விளிம்பு விரலைக் கீறியிருந்தது. குப்பியில் வைத்தது மறுநாளே செத்துப்போனது. கடற்பஞ்சும் ஏற்கெனவே தொட்டியில் அழுகிவிட்டிருந்தது. என் கவனக்குறைவுதான் என்று சொல்லிச் சொல்லிச் சின்னவள் அழுதாள். கீறல் மட்டும் தழும்பே இல்லாமல் ஆறிவிட்டது.

கேன்டீனிலிருந்து அவள் நேராகத் தொட்டி அறைக்குப் போனாள். ஆள் இல்லை. காற்றுக்குழாயின் குமிழிச் சத்தம், உப்பு வாடை, பச்சை வெளிச்சம். பார்னக்கிள் குஞ்சுகள் மிதந்த தொட்டியில் கையை மணிக்கட்டு வரை விட்டாள். தண்ணீரில் தூசிபோலப் பரவியிருந்தவை மெல்ல விலகின. எதிர்ப் பக்கக் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி அப்பிக்கொண்டன. அவள் கையைச் சுற்றி வெறும் தண்ணீர்.

முதலில் வந்தது பயமல்ல, சந்தோஷம். 'என்கிட்டதான் இருக்கு. அவகிட்ட இல்ல.'

சாயங்காலம் பஸ்ஸில் அத்தனை பேர் நெரிசலில் நின்றார்கள். அவள் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே வந்தது.

வீட்டில் குளிக்கப் போனாள். சோப்பு நுரை தோளில் நிற்கவில்லை. தண்ணீர் விழுந்தது, உருண்டது, போனது. உடம்பு நனையவே இல்லை. குனிந்து பார்த்தாள். பாப்பா பிறந்தபோது வயிற்றில் விழுந்த கோடுகள் இல்லை. கழுத்து மச்சத்தைத் தடவித் தேடினாள். இல்லை. கையில் ஒரு ரோமம் இல்லை. வடிகால் ஓட்டையில் கருப்பாக எதுவோ சுருண்டு கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பாப்பாவும் சித்தியும்.

பயத்தை அந்தச் சிரிப்பு தின்றுவிட்டது. நைட்டியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பாப்பா சித்தியின் மடியில் இருந்தாள்.

"பாப்பா, அம்மாகிட்ட வா."

குழந்தை பார்த்தது. "வேணாம்."

"ஏன்?"

"தெரியலம்மா."

"போ கண்ணு, அம்மாதான கூப்பிடறா" என்று சின்னவள் இறக்கிவிட்டாள்.

பாப்பா இரண்டு அடி வைத்தாள். நின்றாள். குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள். "கால் வரமாட்டேங்குது."

பெரியவளே போய் அவளை அள்ளினாள். முகத்தை நெஞ்சோடு வைத்து இறுக்கினாள். குழந்தை திமிறியது. உதைத்தது. பிறகு அசையவில்லை.

"அக்கா, விடு. மூச்சு முட்டும்."

"என் பொண்ணு. எனக்குத் தெரியும்."

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கை தளர்ந்தபோது நைட்டியின் நெஞ்சுப் பக்கத்திலிருந்து எதுவோ உதிர்ந்தது. மெல்லிய முடி. வளைவாக, இரண்டு. அப்புறம் இன்னும் சின்னதாகச் சில.

பாப்பாவுக்குப் புருவம் இல்லை. இமையில் முடி இல்லை. முகம் வழவழவென்றிருந்தது. கண்ணீர் வந்தது. கன்னத்தில் நிற்காமல் விழுந்தது.

"சித்தி, தூக்கு." இரண்டு கையையும் தூக்கினாள்.

சின்னவள் கையை நீட்டினாள். பாதியில் நின்றது. கால் ஓரடி பின்னால் போனது. இன்னோரடி. தன் காலையே அவள் பார்த்தாள்.

"வா கண்ணு. வா, சித்திகிட்ட வா."

வாய் கூப்பிட்டது. கால் வாசல்படியைத் தாண்டியது. முற்றத்தைத் தாண்டியது. கேட்டைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள், கால் இழுத்த இழுப்பில் பிடி விட்டுப்போனது.

"வா கண்ணு."

தெருவில் சின்னவள் பின்னோக்கி நடந்து போய்க்கொண்டே இருந்தாள், முகம் மட்டும் வீட்டைப் பார்த்தபடி. பாப்பா கையை இறக்கவில்லை.