திருப்பி மாட்டிய பெட்டி

"சந்தைக்குன்னா நம்ம வண்டி ஓடும். கோயிலுக்குன்னா ஓடும். அதுக்கு மேல உனக்கு எங்க போகோணும் தெய்வா?" என்று கணவர் நாச்சிமுத்து கேட்டார்.

"பொள்ளாச்சிக்குங்க."

"நம்ம கலம் அதுக்குக் கரண்டு குடுக்காதே."

"அதுக்குத்தானுங்க நானே வண்டி கட்டறேன்."

குறிச்சியில் எந்த வீட்டுக் கலமும் கொடுக்காது. மின்சாரம் போதாமல் போன காலத்தில் வந்தது பழகுகலம் என்ற மின்கலம். புதிதாக மாட்டினால் இருபத்தொரு நாள் அது ஆளைக் கவனிக்கும்: எத்தனை மணிக்கு அடுப்பு, எவ்வளவு தூரம் பயணம், எந்தத் திசை. அதன்பின் பழகியதற்கு மட்டுமே மின்சாரம் விடும். வீணாவது நின்றது, ஊரே மெச்சியது. பழகாத இடத்துக்குப் போக முடியாது என்பது பிறகுதான் உறைத்தது. அதற்குள் போகும் ஆசையே பலருக்கு அற்றுப்போயிருந்தது.

தெய்வானைக்கு அற்றுப்போகவில்லை. உட்கார்ந்தால் கால் ஆடியது, படுத்தால் விரல் ஆடியது. பொள்ளாச்சியில் கிட்டுச்சாமி பட்டறையில் மோட்டாருக்குக் காயில் கட்ட ஆள் கேட்டிருந்தார்கள். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை, ஒன்பது மணிக்குள் வந்து நிற்பவருக்கு வேலை. ஐம்பத்திரண்டு வயதுக்காரியை இன்னொரு முறை யார் கூப்பிடப் போகிறார்கள்?

பழைய சைக்கிள் ஒன்று. மாவு கிரைண்டரின் மோட்டாரைப் பிரித்துத் தடித்த கம்பியால் அவளே மறுபடி சுற்றினாள். ஆளுக்கு ஒரு முறை மட்டும் கிடைக்கும், அதே போலப் பழகுகிற பயணக்கலத்தை எழுதிக் கொடுத்து வாங்கி, முறுக்கு டின்னுக்குள் அடுக்கி, அதிராமலிருக்க டியூப் ரப்பரைச் செருகிக் கேரியரில் முடுக்கினாள். வீட்டுக் கலத்தோடு அதையும் சேர்த்துப் பதிய வேண்டும் என்பது விதி. பதிந்தாள்.

"வெடிச்சுக் கிடிச்சுத் தொலைஞ்சா?" என்றார் நாச்சிமுத்து.

"வெடிச்சா நீங்க சாயங்காலம் சந்தையில முட்டை போண்டா வாங்கிச் சாப்பிடுங்க."

ஆனாலும் பயம் இருந்தது. தினமும் காலையில் கிளம்பி, இருபது கிலோமீட்டர் ஓட்டிக் கிணத்துக்கடவில் நிறுத்தி, டின்னைத் தொட்டுப் பார்ப்பாள். சுடும். வீட்டுக்காரருக்கு மதியச் சோறு ஆக்க வேண்டும். திரும்பிவிடுவாள். பாதி வழி தாங்குகிற மோட்டார் முழு வழியும் தாங்கும் என்பது அவள் கணக்கு. மோட்டாருக்கு அது சரியான கணக்குத்தான்.

இருபத்தொரு நாளும் கழிந்து, அந்தத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, கிணத்துக்கடவில், வண்டி நின்றது. டின் மேலிருந்த சின்னத் திரையில் எழுத்து வந்தது: தேவை முடிந்தது.

குறிச்சிப் பக்கம் திருப்பினாள். மோட்டார் உறுமியது. பொள்ளாச்சிப் பக்கம் திருப்பினாள். செத்தது.

"ஏனக்கா, தெனமும் இங்க வந்து திரும்பிருவீங்களே?" என்றாள் இளநீர் விற்கிறவள்.

"இன்னைக்குத் திரும்பறதில்ல."

"வண்டிகிட்ட யாரும் சொல்லலயாட்ட இருக்குது."

தெய்வானை மிதித்துப் பார்த்தாள். அந்தக் கனத்தை இழுத்துக்கொண்டு போனால் ரெண்டு மணி நேரம். மணி எட்டு ஏழு ஆகிவிட்டது.

"எங்க வூட்டுக்காரரு கோவிச்சுக்கிட்டா, செவுத்தைப் பாத்துத் திரும்பி உக்காந்து சாப்பிடுவாரு. நீங்களும் பின்னால பாத்து உக்காந்து ஓட்டுங்க," என்று இளநீர்க்காரி சிரித்தாள்.

தெய்வானை சிரிக்கவில்லை. திசை தெரிவது தனக்கல்ல, டின்னுக்கு. ஸ்பேனரை எடுத்து நான்கு போல்ட்டையும் கழற்றினாள். டின்னை முன்பின்னாகத் திருப்பி முடுக்கினாள். சைக்கிளின் முகம் பொள்ளாச்சியைப் பார்த்தது, டின்னின் முகம் குறிச்சியை.

மோட்டார் உறுமியது.

"அடிப்பாவி!" என்றாள் இளநீர்க்காரி.

சரியாக இருபது கிலோமீட்டர் ஓடி, பட்டறை இருந்த தெருமுனையில் தானாக அணைந்தது. எட்டு ஐம்பத்திரண்டு. திரையில், வீடு சேர்ந்தது.

"குறிச்சியில இருந்தா? எப்பிடிம்மா வந்தீங்க?" என்றார் கிட்டுச்சாமி.

"வூட்டுக்குத் திரும்பி வந்தனுங்க."

அவருக்குப் புரியவில்லை. ஆனால் மூன்று மோட்டாருக்கு அவள் கட்டிய காயிலைத் தடவிப் பார்த்தவர், "நாளைக்கும் ஒம்பது மணிக்கு," என்றார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு டின்னை நேராக்கி மாட்டி, விசையைத் திருகினாள். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் திருகினாள். அப்போது கைப்பேசி ஒலித்தது.

"தெய்வா, அடுப்பு எரியலெ."

"பொத்தானை அமுத்துனீங்களா?"

"எந்தப் பொத்தான்?"

"பக்கவாட்டுல, செவப்பா இருக்குமுங்க."

"இரு... அமுத்திட்டேன். எரியலெ. லைட்டும் இல்ல, ஃபேனும் இல்ல. செவுத்துத் திரையில என்னமோ ஓடுது. குடியிருப்பவர் வேறு வீடு சேர்ந்தார்னு."

தெய்வானைக்கு விளங்கிவிட்டது. டின் நம்பியதை வீட்டுக் கலமும் நம்பிவிட்டது. இருபத்தொரு நாளில் ஒரு நாளும் அவள் சாயங்காலம் வீட்டை விட்டுக் கிளம்பியதில்லை. இப்போது டின்னுக்கு இதுதான் வீடு.

"அதைக் கெளப்பிட்டு வந்து சேரு."

"கெளம்பாதுங்க. எழுதிக் குடுத்து மறுபடி பழக்க இருபத்தொரு நாள் ஆகும். மிதிச்சு வந்தா, நாளைக்கு ஒம்பது மணிக்கு இங்க நிக்க முடியாது. பட்டறையிலயே படுத்துக்கறேன்."

"அப்ப நானு? முப்பது வருசமா இந்த வூட்டுல நாந்தான இருக்கறேன்? அது அதுக்குத் தெரியாதா?"

"அந்த முப்பது வருசத்துல நீங்க எந்தச் சுவிட்சைப் போட்டீங்க? அது எதை வெச்சு உங்களைப் பழகும்?"

அந்தப் பக்கம் நாற்காலியைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"எழுத்து மாறுது தெய்வா."

"என்னங்க போட்டிருக்குது?"

"வீடு காலின்னு," என்றார் நாச்சிமுத்து. "நா உள்ளதான உக்காந்திருக்கறேன்."